பூட்டும் சாவியும்: கடைக் கம்பியூட்டர் யாருக்குச் சொந்தம்?

நமது ஊர்களில் இன்று கம்பியூட்டர் இல்லாத கடை குறைவு. காத்தான்குடி பிரதான வீதியில் ஜவுளிக்கடை, ஏறாவூரில் ஹார்ட்வெயார், ஓட்டமாவடியில் அரிசி மொத்த வியாபாரம் என்று எங்கு போனாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது. அதில் பில் அடிக்கிறோம், ஸ்டொக் பார்க்கிறோம், கடன் கணக்கு எழுதுகிறோம். அந்த இயந்திரத்துக்குள் ஓடுவது யாருடையது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானும் கேட்டதில்லை. ஒரு நட்டம் வந்த பிறகுதான் கேட்டேன்.

நான் கம்பியூட்டர் படித்தவன் அல்ல. பாடசாலைப் படிப்போடு வாப்பாவின் கடைக்கு வந்தவன். ஆகவே இந்தக் கட்டுரையில் தொழில்நுட்பத்தை ஒரு வியாபாரிக்கு விளங்கும் அளவில்தான் சொல்லப்போகிறேன். அதற்கு மேல் எனக்கும் விளங்காது.

கழிவு கொடுத்த கள்ளன்

சில வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் வியாபாரம் முடிந்த வாரம். காலையில் கடையைத் திறந்து கம்பியூட்டரைப் போட்டால் ஒரு கோப்பும் திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, டொலரில் இவ்வளவு கட்டினால் சாவி தருவோம், மூன்று நாளுக்குள் கட்டினால் பாதி விலை என்று இருந்தது. நாற்பது வருட வியாபாரத்தில் கழிவு கொடுக்கும் கள்ளனை அன்றுதான் கண்டேன்.

நான் பணம் கட்டவில்லை. கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆனால் போனது சின்ன விசயமல்ல. வாடிக்கையாளர்களின் கடன் கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க முற்பணம் கட்டி வைத்தவர்களின் கணக்கும் அதற்குள்தான். கடைசியாகப் பென் டிரைவில் எடுத்து வைத்த பிரதி எட்டு மாதம் பழையது.

முற்பணம் கட்டியவர்களிடம் துண்டு இருந்தது. அவர்கள் கொண்டுவந்து காட்டினார்கள், நான் எழுதிக்கொண்டேன். கடன்காரர்களில் பெரும்பாலானோர் தாங்களாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. அது அவர்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கு. என் கணக்கு வேறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்-பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அல்குர்ஆனில் மிக நீண்ட வசனமே அதுதான். எழுதுவது கடமை என்றால், எழுதியதைப் பாதுகாப்பதும் அந்தக் கடமையின் பகுதிதானே? நான் எழுதினேன், பாதுகாக்கவில்லை.

கதவைக் கழற்றியது யார்?

என் தங்கையின் மகன் கம்பியூட்டர் படித்தவன். அவன்தான் வந்து பார்த்தான். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, “மாமா, கள்ளன் உடைத்துக்கொண்டு வரவில்லை. நாங்களே கதவைக் கழற்றி வைத்திருக்கிறோம்” என்றான்.

விசயம் இதுதான். எங்கள் கம்பியூட்டரில் இருந்தது காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். பில் அடிக்கும் மென்பொருளும் உடைத்த பிரதி. உடைத்த பிரதியை ஓட வைக்க வேண்டுமென்றால் முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அது பிடித்துவிடும். கள்ளப் பிரதி என்று தெரிந்துவிடாமல் இருக்க, மாதாமாதம் வரும் திருத்தங்களையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். உடைத்த மென்பொருளை விநியோகிக்கும் தளங்களில் இந்தக் கப்பம் கேட்கும் வைரஸையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். இலவசமாகச் சீனி கொடுத்து அதற்குள் நஞ்சைக் கலப்பது போல. பொருத்தித் தந்தவரை நான் குறை சொல்லவில்லை. குறைந்த விலையைக் கேட்டு வாங்கியது நான். எப்படிக் குறைகிறது என்று கேட்காததும் நான்.

இதில் ஹலால் ஹராம் பிரச்சினையும் உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, வர்த்தகப் பெயர், எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக்கூடாது என்று தீர்மானித்தது. நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கம்பியூட்டர் மென்பொருளைப் பாதுகாக்கிறது. நிறுவையில் ஒரு கிராம் குறையக்கூடாது என்று பார்க்கும் நாம், அதே மேசையில் இருக்கும் மென்பொருள் எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை.

மருமகன் இரண்டு வழி சொன்னான். ஒன்று, விண்டோஸையும் பில் மென்பொருளையும் காசு கொடுத்து வாங்குவது. மற்றது, லினக்ஸ் போடுவது. இயந்திரம் பழையது, கையில் காசு குறைவு. லினக்ஸைப் போட்டோம்.

முதல் சண்டை

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் புதிய பில் பிரிண்டர் ஒன்று வாங்கினேன். அதற்குரிய மென்பொருள் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பியிருந்தார். போடப் போனால் கம்பியூட்டர் கடவுச்சொல் கேட்டது. என் கடவுச்சொல்லை அடித்தேன், ஏற்கவில்லை. நிருவாகியின் கடவுச்சொல் வேண்டுமாம். அது மருமகனிடம்.

எனக்குக் கோபம் வந்தது. “என் கடை, என் காசு, என் கம்பியூட்டர். சாவி மட்டும் உன்னிடமா? சுதந்திர மென்பொருள் என்றுதானே சொல்லிப் போட்டாய்? இதில் எனக்கு என்ன சுதந்திரம்? விண்டோஸாவது நான் சொன்னதைச் செய்தது” என்றேன்.

அவன் அமைதியாகச் சொன்னான்: “மாமா, அது நீங்கள் சொன்னதையும் செய்தது. கள்ளன் சொன்னதையும் செய்தது.”

பதில் சரிதான். ஆனால் என் கேள்வியும் பிழையல்ல. இந்தக் கேள்வியைத்தான் உலகத்தில் பெரிய பெரிய நிபுணர்களும் இருபது முப்பது வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். பாதுகாப்பு வேண்டுமென்றால் பூட்டு வேண்டும். சுதந்திரம் வேண்டுமென்றால் திறக்க முடிய வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவர்களுக்குக் குழப்பம். நமக்குத் தமிழில் இரண்டு சொல் உண்டு. 1983ஆம் ஆண்டு அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். அவர் கேட்டது காசில்லாத மென்பொருளை அல்ல. ஒரு மென்பொருளை எந்தத் தேவைக்கும் பாவிக்க, அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து மாற்ற, பிரதியெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்க, தான் திருத்தியதையும் மற்றவருக்குக் கொடுக்க என்று நான்கு உரிமைகளைக் கேட்டார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவோடு குனூ மென்பொருள்கள் சேர்ந்துதான் இன்று நாம் லினக்ஸ் என்று சொல்லும் முழு இயங்குதளம் உருவானது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த விசயம் என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியை நமது கரையோரம் மறக்காது. அந்த நாட்களில் காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்று ஒழுங்குபடுத்த ஒரு முறை இருக்கவில்லை. அப்போது இலங்கையின் கம்பியூட்டர் நிபுணர்கள் தொண்டாகச் சேர்ந்து சில வாரங்களுக்குள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதை வளர்த்தது. சுதந்திர மென்பொருளாக வெளியிட்டதால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அதைப் பாவித்தார்கள். ஸ்டோல்மனின் சுதந்திர மென்பொருள் அமைப்பு 2006ஆம் ஆண்டுக்கான சமூக நல விருதை சஹானாவுக்கே கொடுத்தது.

இந்த உதாரணத்தில் ஒரு பாடம் இருக்கிறது. சஹானாவின் நிரலை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். அதற்காக அதில் பதிந்த அநாதைக் குழந்தையின் பெயரையும் முகாமையும் யாரும் பார்க்கலாமா? கூடாது. மென்பொருள் திறந்தது என்றால் அதற்குள் இருக்கும் தகவலும் திறந்தது என்று அர்த்தமல்ல. தராசு எப்படிச் செய்யப்பட்டது என்று வாடிக்கையாளர் பார்க்கலாம். கல்லாப்பெட்டியைப் பார்க்க முடியாது. திறந்த மென்பொருள் என்றால் யாரும் உள்ளே வரலாம் என்று பயப்படுகிறவர்கள் முதலில் இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும்.

திறந்து வைத்தால் ஆபத்தில்லையா?

பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதை ஊருக்கே காட்டினால் கள்ளனுக்கு வசதியில்லையா? நானும் இதைக் கேட்டேன். நல்ல பூட்டின் பலம் அதன் சாவியில் இருக்கிறது, அமைப்பை மறைப்பதில் இல்லை என்பதே நிபுணர்களின் பதில். அமைப்பைப் பலர் பார்த்தால் பிழையையும் பலர் கண்டுபிடிப்பார்கள்.

இது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லாவிட்டால் நான் பொருளின் குறையை மறைத்து விற்றவனாவேன். மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நடந்தது. 2006இல் ஒரு பராமரிப்பாளர் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் தேவையில்லாதது போலத் தெரிந்த வரியை நீக்கினார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதனால் சாவிகள் ஊகிக்கக்கூடிய அளவுக்குப் பலவீனமாகிவிட்டன. 2008 மே மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். மாற்றும் சுதந்திரம் இருந்ததால் வந்த ஆபத்து இது.

இரண்டாவது, 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை. அதே ஓபன்எஸ்எஸ்எல். உலகத்தின் பெரும் பகுதி இணையத்தளங்கள் நம்பியிருந்த மென்பொருளில் இரண்டு வருடமாக இருந்த பிழையை யாரும் காணவில்லை. எல்லோரும் பார்க்கலாம் என்றால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அர்த்தமல்ல. அதைப் பராமரித்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஊர்க் கிணறு போல. எல்லோரும் அள்ளுவார்கள், இறைத்துச் சுத்தம் செய்ய ஆள் இல்லை.

மூன்றாவதுதான் மிகவும் பயங்கரமானது. எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய கருவி. அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஒரு புனைபெயர்க்காரர் இரண்டு வருடத்துக்கு மேலாக நல்ல தொண்டராக வேலை செய்து, களைத்துப்போன பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பைக் கையில் எடுத்து, 2024இன் தொடக்கத்தில் அதற்குள் இரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். அண்ட்ரெஸ் பிரொயன்ட் என்ற பொறியியலாளர், தன் கம்பியூட்டருக்குள் நுழைய வழமையைவிட அரைச் செக்கன் தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29இல் உலகத்துக்கு அறிவித்தார். அவர் வேலை செய்வது மைக்ரோசொப்ட் கொம்பனியில். பெரும்பாலான கம்பியூட்டர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே அது நிறுத்தப்பட்டது. உள்ளே நிரலைப் பார்க்கும் உரிமை இல்லாதிருந்தால் அவர் அரைச் செக்கனைக் கண்டாலும் காரணத்தைக் கண்டிருக்க முடியுமா? இங்கே ஆபத்து வந்த வழியும் திறந்த கதவுதான், காப்பாற்றியதும் அதே திறந்த கதவுதான்.

மூடி வைத்தவர்களுக்கும் பாதுகாப்பு வந்துவிடவில்லை. 2017 மே 12இல் வோனாகிரை என்ற கப்ப வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கம்பியூட்டர்களைப் பூட்டியது. பிரித்தானியாவின் ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்களே அகப்பட்டார்கள்.

நமது நாட்டிலும் நடந்தது. 2023 ஓகஸ்ட் மாதம் அரசாங்க முகில் கட்டமைப்பு கப்ப வைரஸால் தாக்கப்பட்டு, அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் இல்லாமல் போயின. அந்தக் காலத்துக்குரிய மறுபிரதி இருக்கவில்லை. பாவித்தது 2013ஆம் ஆண்டின் பழைய மின்னஞ்சல் மென்பொருள். நிதிப் பிரச்சினை உள்ளிட்ட காரணங்களால் புதுப்பிப்பது தள்ளிப்போனதாகச் சொல்லப்பட்டது. அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் என் கடை எம்மாத்திரம்!

ஆகவே திறந்ததா மூடியதா என்பது முதல் கேள்வி அல்ல. பராமரிக்கிறார்களா, திருத்தம் வருகிறதா, வந்ததைப் போடுகிறோமா, மறுபிரதி இருக்கிறதா என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை.

பூட்டியவன் சாவியையும் கொண்டுபோனால்?

இனி என் சண்டைக்கு வருவோம்.

டீவோ என்ற அமெரிக்கக் கொம்பனி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதியும் பெட்டி ஒன்றை விற்றது. அதற்குள் லினக்ஸ். சட்டப்படி நிரலையும் வெளியிட்டார்கள். ஆனால் வாங்கியவர் அதை மாற்றிப் பெட்டியில் போட்டால் பெட்டி ஓடாது. கொம்பனியின் முத்திரை இல்லாத மென்பொருளை அது ஏற்காது. மாட்டை விற்றுவிட்டு மூக்கணாங்கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டது போல. இதைத் தடுக்கவே 2007 ஜூன் 29இல் வெளிவந்த ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். பாவனையாளருக்கு விற்கும் பொருளில் பூட்டு வைப்பதென்றால், மாற்றிய மென்பொருளைப் போடத் தேவையான சாவியையும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. நிரலைத் திருப்பித் தந்தால் போதும், பெட்டியை எப்படிச் செய்வது என்பது செய்தவரின் உரிமை என்பது அவர் நிலைப்பாடு. லினக்ஸ் கரு இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் சுதந்திரத்தின் பேரில்தான் பேசினார்கள்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அடுத்த வாதம். செக்கியூர் பூட் என்ற ஏற்பாட்டில், கம்பியூட்டர் எழும்பும்போதே முத்திரை பார்த்துத்தான் இயங்குதளத்தை உள்ளே விடும். இயங்குதளம் எழும்புவதற்கு முன்பே புகுந்துகொள்ளும் வைரஸைத் தடுக்க இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் முத்திரை மைக்ரோசொப்டின் கையில். அப்படியானால் லினக்ஸ் போடுபவர் மைக்ரோசொப்டிடம் அனுமதி கேட்க வேண்டுமா? சாதாரணக் கம்பியூட்டர்களில் உரிமையாளர் அதை நிறுத்தவோ தன் சொந்தச் சாவியைப் போடவோ வழி வைத்தார்கள். விண்டோஸ் ஆர்.டி. என்ற டெப்லட்களில் அந்த வழியும் வைக்கவில்லை. பெடோரா, உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் மைக்ரோசொப்டின் முத்திரை பெற்ற சிறு மென்பொருளை முன்வாசலில் வைத்து உள்ளே நுழையும் வழியைக் கண்டுபிடித்தன.

நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் அண்ட்ராய்ட் தொலைபேசியும் லினக்ஸ் கருவில் ஓடுவதுதான். இதில் வெளியிலிருந்து எந்தச் செயலியையும் போடலாம் என்ற சுதந்திரம் இருந்தது. அந்தச் சுதந்திரத்தின் வழியாகவே போலி வங்கிச் செயலிகளை அனுப்பி மக்களின் பணத்தை எடுத்தார்கள். 2025 ஓகஸ்டில் கூகுள் ஓர் அறிவித்தல் விடுத்தது. தன்னிடம் அடையாளத்தை உறுதிப்படுத்திப் பதிந்தவர்களின் செயலிகளை மட்டுமே அங்கீகரிக்கப்பட்ட தொலைபேசிகளில் போட முடியும், 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவுபடுத்துவோம் என்றது. சுதந்திரச் செயலிகளை விநியோகிக்கும் எப்-டிரொயிட் அமைப்பு இது தங்களை மூடிவிடும் என்று எதிர்த்தது. நவம்பரில் கூகுள் இறங்கிவந்து, ஆபத்தை விளங்கிய பாவனையாளருக்குத் தனி வழி வைப்பதாகச் சொன்னது.

மூன்று சம்பவத்திலும் பூட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாவி கடைசியில் யார் கையில் என்பதுதான் வாதம். பாதுகாப்புக்காக வைத்த பூட்டை உரிமையாளரால் திறக்க முடிந்தால் அது அவருடைய பூட்டு. திறக்க முடியாவிட்டால் அவர் தன் பொருளுக்கே வாடகைக்காரர்.

நமது வாவியின் முகத்துவாரத்தைப் பாருங்கள். மாரியில் வெள்ளம் ஏறும்போது வெட்டிவிடாவிட்டால் வயல் அழியும். நேரம் பார்க்காமல் வெட்டினால் நீர் இறங்கி மீன்பிடிக்கிறவரின் தொழில் கெடும். எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்றோ எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்றோ சட்டம் போட முடியாது. பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்டு, காலம் பார்த்து, பொறுப்பானவர்கள் தீர்மானிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒருவர் அதன் மண்வெட்டியை வைத்துக்கொண்டிருந்தால் நாம் சம்மதிப்போமா?

எங்கள் கடையில் செய்த ஏற்பாடு

மருமகனும் நானும் ஓர் இணக்கத்துக்கு வந்தோம். நிருவாகிக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டிக்குள் வைத்தான். உறை என்னுடையது. எப்போது வேண்டுமானாலும் நான் திறக்கலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அன்றாட வேலைக்கு நானும் அதைப் பாவிப்பதில்லை. கல்லாவில் இருக்கும் தம்பிமாருக்குச் சாதாரணக் கணக்கு, எனக்கும் சாதாரணக் கணக்கு. உறையைக் கிழித்துத் திறக்க வேண்டியிருப்பதால், திறக்கும் முன் இது அவசியமா என்று ஒரு தடவை யோசிப்பேன். அந்த வாட்ஸ்அப் கோப்பை நான் போடவில்லை. அந்தப் பிரிண்டருக்குத் தேவையான மென்பொருள் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருந்தது.

வாசகர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில ஆலோசனைகள்:

ஒன்று, மென்பொருளைக் களஞ்சியத்திலிருந்தோ உரிய கொம்பனியிடமிருந்தோ மட்டும் எடுங்கள். லினக்ஸ் களஞ்சியத்தில் வரும் ஒவ்வொன்றிலும் முத்திரை இருக்கும். வழியில் யாராவது மாற்றியிருந்தால் கம்பியூட்டரே மறுத்துவிடும். வாட்ஸ்அப்பில் வருவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டு, திருத்தங்களை நிறுத்தாதீர்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூடும் நேரத்தை அதற்கு ஒதுக்கியிருக்கிறோம். திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும்.

மூன்று, மறுபிரதி இரண்டு வைத்திருங்கள். ஒன்று கடைக்கு வெளியில் இருக்கட்டும். பிரதி எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியிலிருந்து கணக்கைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத காசுக்கட்டு போன்றது.

நான்கு, பில் மென்பொருள் வாங்க முன், “என் கணக்கு முழுவதையும் வேறு மென்பொருள் வாசிக்கக்கூடிய கோப்பாக வெளியே எடுக்க முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்றால், உங்கள் கணக்குக் கொப்பியின் சாவி விற்றவரிடம்தான்.

ஐந்து, சுதந்திர மென்பொருள் என்பதால் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். மென்பொருளுக்குக் காசில்லை, பராமரிப்பவருக்குக் கூலி உண்டு. மருமகனுக்கு மாதாமாதம் கொடுக்கிறேன். முதலில் வாங்க மறுத்தான். வியர்வை உலர முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு வேலையை இலவசமாக வாங்க எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸில் எல்லாம் சுகம் என்று நான் சொல்லமாட்டேன். டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. பாமினி எழுத்துருவில் பழைய கடிதங்கள் வைத்திருப்பவர்கள் அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். எல்லாப் பிரிண்டரும் உடனே ஓடாது. உங்கள் கணக்காளர் விண்டோஸில் மட்டும் வேலை செய்பவர் என்றால் விண்டோஸையே பாவியுங்கள், தவறில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குங்கள், திருத்தங்களைப் போடுங்கள். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு கம்பியூட்டரில் இருக்க வேண்டும். பழைய கம்பியூட்டர்கள் பலவற்றில் அது இல்லை. அப்படியான இயந்திரத்தை எறிய முன் ஒரு தடவை லினக்ஸ் போட்டுப் பாருங்கள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து வருடம் திருத்தம் இலவசமாக வருகிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது நமக்குச் சொல்லித்தரப்பட்ட முறை. கட்டுவது நம் வேலை. ஆனால் கட்டிய முடிச்சு நமக்கு அவிழ்க்கத் தெரிந்த முடிச்சாக இருக்கட்டும். முடிச்சைப் போட்டவரும் நம்மோடு பயணம் வருபவராக இருந்தால் இன்னும் நல்லது.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். அன்று தொகையைச் சொல்லாதவர்களில் ஒருவர். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு கட்டுப் பணத்தை மேசையில் வைத்து, “காக்கா, உங்கட கம்பியூட்டர் மறந்தது, எனக்கு மறக்கல்ல” என்றார். எழுந்து கட்டிப்பிடித்தேன். பணத்தை எண்ணி, அவர் முன்னாலேயே கணக்கில் பதிந்தேன். அன்று மாலை கடை மூட முன் மறுபிரதியும் எடுத்தேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.